வார்டில் ஆள் கூடாது

அந்த இரண்டு நாளும் தயிர் கெட்டியாக இருந்தது.

எங்கள் ஆஸ்பத்திரிச் சமையல்காரர் ருத்ரப்பா கரண்டியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். தயிர் விழவில்லை.

"பாருப்பா கிளார்க்கு, உளுவுதா பாரு! இந்த மாதிரித் தயிரு உங்க ஊட்ல துன்னுக்கிறியா?"

"இல்லீங்கண்ணா" என்றேன். அது உண்மைதான். எங்கள் வீட்டில் தயிர் என்பது விருந்தாளி வந்தால் கண்ணில் படுகிற சரக்கு. மற்ற நாளில் மோர். அதுவும் களியைக் கரைத்துக் குடிக்கிற அளவுக்கு.

இரண்டாம் முறை வாங்கிப் பிசைந்துகொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஜவளகிரிப் பக்கம் அம்மை குத்துகிற முகாமுக்குப் போயிருந்த டாக்டர் மூன்றாம் நாள் மத்தியானம் திரும்பியிருந்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். விரலிடுக்கில் தயிர் வாசனை போகவில்லை.

அந்த வாசனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பாதி வாக்கியம் ஒரு பாஷை

நான் டைப்ரைட்டர் கற்றுக்கொண்ட கதையைச் சென்ற வாரம் படித்த நண்பர் ஒருவர், "ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னால் என்ன?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் அதே மனிதர்கள்தான் வேலை பார்க்கிறார்கள்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற பெரிய சாலையில், குருபரப்பள்ளிக்குச் சற்றுத் தள்ளி இருந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுக் கட்டடம். முப்பது படுக்கை. ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு, பிரசவ அறை. சேலத்தில் இருந்த ஒரு டிரஸ்டு அதை நடத்தியது. டாக்டர் ஒருவர், நர்ஸ்கள் மூவர், காகிதங்களுக்கெல்லாம் நான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் காலை வைத்தவன் நான்தான். அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே மூன்று பாஷை பேசுவார். மாட்டுச் சந்தையில் தெலுங்கு, தளியிலிருந்து காய்கறி மூட்டையோடு வருகிறவர்களிடம் கன்னடம், வீட்டில் தமிழ். எங்கள் பக்கத்தில் ஒரு வாக்கியத்தை ஒரு பாஷையில் தொடங்கி இன்னொன்றில் முடிப்பார்கள். "சாயங்காலம் பர்தீனி" என்பார் ருத்ரப்பா. 'சாயங்காலம்' நம்முடையது, 'வருகிறேன்' என்பதற்குக் கன்னடம். யாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றாது. சேலத்திலிருந்து வந்த டாக்டருக்கு மட்டும் முதல் ஆறு மாதம் தலை சுற்றியது.

இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும். பின்னால் நடந்த விபரீதம் முழுதும் இதிலிருந்துதான் முளைத்தது.

"பல்லு விளக்கிக்கிட்டே சொன்னாரா?"

கெம்பம்மா சிஸ்டர் தளிக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பெண். பதினாறு வயதில் இதே ஆஸ்பத்திரிக்கு ஆயாவாக வந்தவர். முன்பிருந்த டாக்டர் ஒருவர் அவருடைய கைத்திறமையைப் பார்த்து, பெங்களூருக்கு அனுப்பி நர்ஸ் படிப்பு படிக்க வைத்தார். வெள்ளைத் தொப்பியோடு திரும்பி வந்தபோது ஆயாக்கள் சுற்றி நின்று தொப்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம்.

அந்த ஆயாக்களில் மூத்தவர் மாரக்கா. நோயாளி படுத்திருக்கும்போதே கீழ் விரிப்பை உருவி மாற்றுகிற வித்தையைக் கெம்பம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தவர். அவருக்கு இவர் என்றைக்கும் 'கெம்பி'தான், 'நீ'தான்.

பழைய தலைமை நர்ஸ் ஓய்வு பெற்று ஊருக்குப் போனதும், டிரஸ்டு அந்தப் பொறுப்பைக் கெம்பம்மாவிடம் ஆறு மாதத்துக்குக் கொடுத்தது. சரியாக வந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் வெளியூரிலிருந்து ஒருவர்.

கெம்பம்மா பயந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். கால் முறிந்து கத்திய லாரி டிரைவரைத் தனி ஆளாக அழுத்திப் பிடித்து டாக்டர் கட்டுப் போடுகிற வரை அசையவிடாதவர். வார்டில் சுருட்டுப் பிடித்த ஊர்ப் பெரிய மனிதரைப் பார்த்து, "வெளிய போயி பிடிங்க ஐயா, புகை முடிஞ்சதும் நோவைக் கொண்டுக்கிட்டு உள்ள வாங்க" என்றவர்.

ஆனால் மாரக்காவிடம் ஒரு பேசினைக் கழுவச் சொல்ல வேண்டுமென்றால் மட்டும் அவர் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். 'நீங்க கழுவுங்க' என்றால் அந்நியமாகப் போய்விடும். 'நீ கழுவு' என்றால் திமிர் ஆகிவிடும். தப்பித்துக்கொள்ள அவர் ஒரு வழி வைத்திருந்தார்.

"மாரக்கா, அஞ்சாம் படுக்கைத் துணியை மாத்தணும்னு டாக்டர் சொன்னாரு."

"எப்பச் சொன்னாரு?"

"இப்பத்தான்."

மாரக்கா ஜன்னல் வழியாக எதிரே டாக்டர் வீட்டு முற்றத்தைப் பார்த்தார். "இப்பத்தான் அவரு பல்லு விளக்கிக்கிட்டு நிக்கறாரு. வாயில நுரையோடவா சொன்னாரு?"

பெண்கள் வார்டு முழுதும் சிரித்தது. தையல் போட்ட ஒரு அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, சிரிக்க வைக்காதீங்கடி" என்று கெஞ்சினாள். கெம்பம்மாவும் சிரித்தார். பிறகு அஞ்சாம் படுக்கைத் துணியை அவரே மாற்றினார்.

நான் செய்த உபகாரம்

அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனம் பொறுக்கவில்லை. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் கற்ற எதையாவது கொண்டு உலகத்துக்கு உதவ வேண்டும் என்ற துடிப்பு. என் கண்டுபிடிப்பு என்னவென்றால், வாயால் சொன்னால்தானே 'எப்பச் சொன்னாரு' என்று கேட்பார்கள்? எழுத்தில் இருந்தால்?

ஓசூரில் மாட்டு வண்டிகளுக்கும் சோடாக் கடைகளுக்கும் பெயர் எழுதுகிற பெயிண்டர் ஒருவரைப் பிடித்தேன். கறுப்புப் பலகையின் உச்சியில், அழியாத வெள்ளை எனாமலில், 'டாக்டர் உத்தரவு' என்று எழுதி வாங்கி வந்தேன். நான் கேட்காமலே இருபுறமும் ஒரு ரோஜாப் பூ போட்டுக் கொடுத்திருந்தார். அதைப் பெண்கள் வார்டு வாசலில் மாட்டினோம். கெம்பம்மா அன்றாட வேலைகளைச் சொல்வார். அவர் எட்டாவது வரை கன்னடத்தில் படித்தவர் என்பதால், நான் சாக்கட்டியால் தமிழில் எழுதுவேன். வாட்ச்மேன் முனுசாமி அதைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உரக்கப் படிப்பார். படிக்கத் தெரியாதவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

டாக்டர் ஒரு நாள் நின்று பார்த்தார். "விளக்குமாற்றைத் தலைகீழா வைக்கணும்னு நான் எப்பய்யா உத்தரவு போட்டேன்?" என்று சிரித்தார். "சரி, வேலை நடந்தால் சரி" என்று போய்விட்டார்.

வேலை நடந்தது. பேசின்கள் பளபளத்தன. மாரக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எனக்குள் முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் ஒரு வேலை சொல்லக் கெம்பம்மா பத்துத் தடவை வார்டுக்குள் வந்து போவார். இப்போது பலகை வரை வந்து அப்படியே திரும்பிவிடுவார்.

ஒரு கடிதம்

பலகை மாட்டி இரண்டு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தம்பி, டிரஸ்டுக்கு ஒரு லெட்டர் அடிக்கணும்."

"சொல்லுங்க சிஸ்டர்."

"இந்தப் பொறுப்பு எனக்கு வேணாம். வெளியூர்ல இருந்து யாராவது வரட்டும். நான் பழையபடி வார்டு நர்ஸா இருந்துக்கறேன்."

நான் திடுக்கிட்டேன். "ஏன் சிஸ்டர்? இப்பத்தான் எல்லாம் நல்லா நடக்குதே. பலகை போட்டதிலிருந்து..."

"அதேதான் தம்பி. வேலை வாங்கறது பலகை. பலகைக்கு எதுக்கு ஒரு தலைமை நர்ஸு?"

குரலில் கோபம் இல்லை. ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் தேய்த்துவிடும்போது பேசுவாரே, அந்த மாதிரிதான் சொன்னார். "அடுத்த வாரம் டிரஸ்டிலிருந்து ஆளு வராங்களாம். அவங்க முன்னாடி நின்னு 'இவளால முடியாது'ன்னு சொல்லிக்கிறதைவிட நானே எழுதிக் குடுத்துடறேன்."

எனக்கு அலுவலகத் தமிழ் என்றால் பெருமை. அதில் ஒரு சௌகரியம் இருந்தது. யார் கேட்கிறார், யார் சொல்கிறார் என்பதே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'நான்' என்று எழுதவே எனக்குக் கை வராது. கூலி வேலைக்காரன் மகன், எவ்வளவோ பெரியவர்களுக்குப் போகிற காகிதத்தில் 'நான்' என்று எப்படிப் போடுவது? எனவே எல்லாம் 'செய்யப்படுகிறது', 'அனுப்பப்படுகிறது' என்றே எழுதுவேன். அவர் கடிதத்தையும் அப்படியே அடித்தேன்: 'மேற்படி பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

அவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். டாக்டர் பரிந்துரை எழுதிய பிறகுதான் அது சேலத்துக்குப் போக வேண்டும். டாக்டரோ மறுநாள் விடிந்ததும் முகாமுக்குக் கிளம்புகிறார். திரும்பி வந்தவுடன் கொடுக்கலாம் என்று மேஜை இழுப்பறையில், எல்லாக் காகிதங்களுக்கும் மேலே வைத்தேன்.

சுருக்கி வரைதல்

டாக்டர் போன அன்று பகலில், பெண்கள் வார்டில் ஆறாம் படுக்கையில் ஒரு கூத்து. டைபாய்டு ஜுரம் விட்டு நாலு நாள்கூட ஆகாத பெண்ணுக்கு, அவள் மாமியார் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த ராகிக் களியை உருட்டி உருட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள். டைபாய்டு வந்த குடலுக்குக் களி எமன். கெம்பம்மா பாய்ந்து கையைப் பிடித்தார்.

"பாலையே குடுத்தா ரத்தம் எப்படிம்மா ஊறும்?" என்று மாமியார் சண்டைக்கு வந்தாள்.

அவளை அனுப்பிவிட்டுக் கெம்பம்மா நேரே என்னிடம் வந்தார். "எழுது தம்பி. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நோயாளிக்குத் துணையா வந்தவங்க யாரும் வார்டுக்குள்ள தங்கக் கூடாது. நாங்களே பார்த்துக்குவோம்."

பலகையில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் 'சுருக்கி வரைதல்' என்று ஒரு பயிற்சி உண்டு. பக்கத்தை வரியாக்க வேண்டும். அதில் நான்தான் வகுப்பிலேயே முதல். இரண்டு விநாடி யோசித்து எழுதினேன்:

'2 மணிக்கு மேல் வார்டில் ஆள் கூடாது.'

இதைவிடச் சுருக்க முடியாது என்று ஓர் அடி பின்னால் நகர்ந்து ரசித்தேன். முனுசாமி வந்து உரக்கப் படித்தார். அதற்குள் பிரசவ அறையிலிருந்து கூப்பிட்டார்கள். சூளகிரிப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்த பெண்ணுக்குக் குழந்தை குறுக்கே கிடந்தது. அவளுக்குப் பின்னாலேயே இன்னொருத்தியும் வலியோடு வந்தாள். கெம்பம்மா உள்ளே போனவர் அன்றும் மறுநாளும் குளிக்கவும் சாப்பிடவும் மட்டுமே வெளியே வந்தார். வார்டைப் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி பார்த்துக்கொண்டாள். காலையில் மட்டும் கெம்பம்மா ஒரு சுற்று ஓடி வந்து, "எல்லாரும் பால் குடிச்சீங்களா?" என்று கேட்பார். "குடிச்சோம்மா" என்பார்கள். காலைப் பால் குடித்திருந்தார்கள்தான்.

எனக்கோ, தயிர் கெட்டியாக இருந்தது.

நாலாம் படுக்கை

இப்போது ஜீப் வந்து நின்ற இடத்துக்கு வருகிறேன்.

நான் போவதற்குள் டாக்டர் பெண்கள் வார்டில் இருந்தார். நாலாம் படுக்கையில் சின்னத்தாயி. ரோட்டுக்குச் சரளை உடைக்கிறவள். அவளுக்கும் டைபாய்டுதான், மூன்று வாரம் போராடி ஜுரம் இறங்கியிருந்தது. டாக்டர் போகும்போது எழுந்து சாய்ந்து உட்கார்ந்தவள், இப்போது கண் குழிந்து, உதடு வெடித்து, துணிபோலக் கிடந்தாள். எல்லா வேளையும் தம்ளரை வாயில் பிடித்துக் குடிக்க வைப்பது அவள் தங்கைதான். மணி இரண்டு தாண்டியிருந்தது, தங்கையைக் காணோம்.

"சாயங்காலப் பால் குடிச்சியாம்மா?" டாக்டர் குனிந்து கேட்டார்.

அவள் தலை அசைந்தது. இல்லை.

"ராத்திரி?"

இல்லை.

டாக்டர் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். ருத்ரப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ரெண்டு நாளா சாயங்காலப் பால் எங்கேய்யா?"

"தோய்ச்சிட்டேன் சார்."

"தோய்ச்சிட்டியா! யார் சொன்னா?"

"போர்டுல போட்டுதே சார்" என்றார் ருத்ரப்பா, உண்மையான ஆச்சரியத்தோடு. "ரெண்டு மணிக்கு மேல வார்டுல ஆலு கூடாதுன்னு."

"என்ன கூடாது?"

"ஆலு சார். பாலு."

கன்னடத்தில் பாலுக்கு 'ஹாலு' என்று பெயர். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அந்த 'ஹ'வை விழுங்கிவிட்டு 'ஆலு' என்பார்கள். முனுசாமிக்கு 'ள', 'ல' இரண்டும் ஒன்று. 'ஆள்' அவர் வாயில் 'ஆலு' ஆயிற்று. தமிழ்க்காரர்கள் காதில் அது மனிதர். சமையலறையில் அது பால். பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாக அப்படி ஒரு வாக்கியம் வருவது அங்கே தினமும் நடக்கிற காரியம். ஒரே வரி, இரண்டு பக்கமும் வேலை செய்துவிட்டது. பாலையும் நிறுத்தி, தம்ளரைப் பிடிக்க இருந்த தங்கையையும் வெளியே நிறுத்திவிட்டது.

"இது யார் உத்தரவு?" என்றார் டாக்டர்.

முனுசாமி பலகையைக் காட்டினார். அவரிடம் சூதே கிடையாது. "உங்க உத்தரவுதான் சார். மேல எழுதிக்குது பாருங்க, பூவெல்லாம் போட்டு."

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"அறிவிப்பு... சுருக்கமாக எழுதப்பட்டதால் சார்..." என்று நான் தொடங்கினேன்.

"எழுதப்பட்டதா? பலகை தானா எழுதிக்கிச்சா?"

அப்போதுதான் பிரசவ அறைக் கதவு திறந்து கெம்பம்மா வந்தார். முழங்கை வரை ஈரம். வழியிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். சின்னத்தாயியின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

அவர் தப்பிக்க எத்தனை வழி இருந்தது என்று நான் பிற்பாடு எண்ணிப் பார்த்திருக்கிறேன். எழுதியவன் நான். படித்தவர் முனுசாமி. பாலைத் தோய்த்தவர் ருத்ரப்பா. பலகையில் இருந்ததோ டாக்டர்.

"நான் சொன்னதுதான் டாக்டர்" என்றார். "துணைக்கு வந்தவங்களை வெளிய அனுப்பச் சொன்னேன். பாலை நிறுத்தச் சொல்லல. ஆனா சொன்னதுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு வந்து பார்க்கல. அது என் உத்தரவு."

எனக்கும் குரல் வந்தது. "நான் எழுதினேன் சார்." அந்த மூன்று வார்த்தைக்கு எனக்கு வியர்த்துவிட்டது.

டாக்டர் பதில் சொல்வதற்குள் வார்டின் மூலையிலிருந்து மாரக்கா வெடித்தார்.

"உன் உத்தரவா? அடிப் பாவி! உன் உத்தரவுன்னு தெரிஞ்சிருந்தா நான் வந்து கேட்டிருப்பேனே! 'ஏ கெம்பி, ஜுரத்துல கெடந்தவளுக்கு ஏண்டி பாலை நிறுத்தினே'ன்னு முடியைப் புடிச்சிக் கேட்டிருப்பேன்! டாக்டரு உத்தரவுன்னு போட்டா நான் யாரைப் போயிக் கேக்கறது? ரெண்டு நாளா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் இறங்கிக்கொண்டிருந்தது. "சரி. இப்ப என்ன செய்யணும்?" என்றார். கெம்பம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

கெம்பம்மா ஒவ்வொருவராகத் திரும்பிச் சொன்னார்.

"ருத்ரண்ணா, பாலுக்குப் பாதி தண்ணி விட்டுக் காய்ச்சி ஆத்திக் கொண்டாங்க. ஒரேயடியா வேணாம், அரை மணிக்கு ரெண்டு வாய். முனுசாமி அண்ணா, இவ தங்கச்சி புளிய மரத்தடியில இருப்பா, உள்ள அனுப்புங்க. எழுந்து குடிக்க முடியாதவங்களுக்கு ஒரு ஆள் கூட இருக்கலாம், எந்நேரமும். மாரக்கா, வாயைத் துடைச்சிவிட்டுக் குளுக்கோஸ் தண்ணி கொண்டாரணும்."

மாரக்கா இடுப்பில் கை வைத்தார். டாக்டர் பக்கத்திலேயே நிற்கிறார், அது தெரிந்தும் கேட்டார்: "டாக்டர் சொன்னாரா?"

கெம்பம்மா வேலை சொல்லும்போது எப்போதும் தமிழில்தான் சொல்வார். கன்னடத்தில் அவர் மாரக்காவுக்குச் சின்னப் பெண். அன்றைக்கு முதல் தடவையாகக் கன்னடத்தில் சொன்னார்.

"நானே ஹேள்தித்தீனி அக்கா."

நானேதான் சொல்கிறேன், அக்கா. 'அக்கா'வை அவர் விடவில்லை. 'நானே'யையும் விடவில்லை.

மாரக்கா அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப சரி" என்று குளுக்கோஸ் டின்னை எடுக்கப் போனார்.

மூன்றாவது வாய்

முதலில் கொடுத்த பாலைச் சின்னத்தாயி வாந்தி எடுத்தாள். இரண்டாவது தடவையும் நிற்கவில்லை. கெம்பம்மா ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிரசவ அறையில் இரண்டாமவளுக்கும் குழந்தை பிறந்து, தாய் தூங்குகிறாள் என்ற தகவல் வந்தது. தலையை மட்டும் ஆட்டினார். நான் வாசலுக்கும் என் அறைக்குமாக நடந்தேன். விரலை முகர்ந்து பார்த்துப் பார்த்து மறுபடி கழுவினேன்.

வெயில் சாய்ந்து, சாலையில் கிருஷ்ணகிரி பஸ் போகிற நேரத்துக்குக் கொடுத்த பால் தங்கியது. அதற்கடுத்ததும் தங்கியது. தங்கை தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். "இன்னாத்துக்கு அழுவறே, புடி ஒழுங்கா" என்று மாரக்கா அதட்டினார். அவர் கண்ணும் நனைந்திருந்தது.

அதன் பிறகுதான் எனக்கு இழுப்பறை ஞாபகம் வந்தது. எனக்கு முன்பே டாக்டருக்கு வந்திருக்கிறது. "ஏதோ காகிதம் இருக்குன்னு சிஸ்டர் சொன்னாங்களே?" என்றார் என் அறைக்கு வந்து. பின்னாலேயே கெம்பம்மாவும் நின்றார்.

வேறு வழியில்லாமல் எடுத்து நீட்டினேன். டாக்டர் படித்தார். கெம்பம்மாவிடம் கொடுத்தார். "இன்னைக்கு நடந்ததை நான் டிரஸ்டுக்கு எழுதத்தான் வேணும், சிஸ்டர். அந்தப் பலகையைப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போனேனே, அதையும் சேர்த்து எழுதறேன். இது போகணுமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க."

கெம்பம்மா தான் கையெழுத்துப் போட்ட கடிதத்தை அன்றைக்குத்தான் முதலில் படித்தார். எழுத்துக் கூட்டி, விரலை வைத்து. பிறகு என்னைக் கேட்டார்.

"தம்பி, இதுல நான் எங்க இருக்கேன்?"

"கீழே... கையெழுத்து இருக்கே சிஸ்டர்."

"மேல யாரு கேக்கறாங்க? 'கேட்டுக்கொள்ளப்படுகிறது'ன்னா? காத்து கேக்குதா?"

டாக்டர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைத்தார் என்று நினைக்கிறேன். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு இரண்டாவது முறை என்னை அந்தக் கேள்வி கேட்டுவிட்டார்கள்.

கெம்பம்மா கடிதத்தைத் திருப்பி வெறும் பக்கத்தை மேலே வைத்தார். "அடி" என்றார். "இந்த வார்டுக்கு இன்னொரு ஆயா வேணும். பிரசவ அறையில நான் மாட்டிக்கிட்டா வார்டைப் பார்க்க இன்னொரு நர்ஸும் வேணும். டிரஸ்டு ஆளு வர்றப்ப நேர்லயும் கேப்பேன்."

அடித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் விரல் 'கேட்டுக்கொள்ள' என்று ஓடிற்று.

"வேணாம். 'கேக்கறேன்'னு போடு."

"'கேட்டுக்கொள்கிறேன்'னு போடலாமா சிஸ்டர்? கொஞ்சம் மரியாதையா இருக்கும்."

யோசித்தார். "சரி, போடு. 'றேன்' இருந்தா சரி."

இரண்டாவது வரி

மறுநாள் காலை நான் மண்ணெண்ணெயும் பழைய கத்தியும் எடுத்துக்கொண்டு பலகையைச் சுரண்டினேன். ஓசூர்ப் பெயிண்டர் ஏமாற்றவில்லை, நல்ல எனாமல். எழுத்து போய்விட்டது. ரோஜாப் பூக்களை விட்டுவிடச் சொன்னார் கெம்பம்மா.

அன்றைய வேலைகளை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சுருக்காமல் எழுதினேன். இடம் போதாமல் எழுத்தைப் பொடியாக்கினேன். அடியில் அவரே சாக்கட்டியை வாங்கித் தமிழில் தன் பெயரைப் போட்டார். 'கெ'யின் கொம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது.

முனுசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்தார். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவது வரி. "கெம்பம்மா" என்று முடித்துவிட்டு, இது புதுசாக இருக்கிறதே என்று மறுபடி ஒரு முறை படித்தார்.

உள்ளேயிருந்து துடைப்பத்தோடு மாரக்கா வந்தார். "ஏ கெம்பி! ரெண்டாவதா ஒண்ணு படிச்சானே, வெயில் வர்றதுக்கு முன்னாடி மெத்தையெல்லாம் வெளிய போடணும்னு. பனி ஈரத்துல மெத்தையைப் போட்டா காயுமா, நனையுமா? பனியிலேயே வளர்ந்த தளிக்காரிதானே நீ?"

கெம்பம்மா பலகையைப் பார்த்தார். "அது சரி அக்கா" என்று உள்ளங்கையால் 'முன்னாடி'யை அழித்து, என்னிடம் சாக்கட்டியை நீட்டினார். நான் 'பின்னாடி' என்று எழுதினேன்.

"மூணாவதும் சரியில்ல" என்றார் மாரக்கா. "பேசினை ரெண்டு தடவை எதுக்குக் கழுவணும்?"

"அது அப்படியேதான் அக்கா."

"ஏன்?"

கெம்பம்மா வாசலில் நின்றபடியே ஏன் என்று சொல்லத் தொடங்கினார். மாரக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.